தனலெட்சுமியும் எட்டு விளக்குக் குடைகளும்

ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தேன் நிறத்தில் தெரியும். அந்தத் தேனுக்குள் கடுகளவு குமிழி இருந்தாலும், பட்டைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும், ஓரத்தில் பூசணம் லேசாகத் தொட்டிருந்தாலும் தனலெட்சுமியின் கண்ணுக்குத் தப்பாது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் பார்ப்பார். பிறகு ஷீட் இடப்பக்கம் போகும், இல்லாவிட்டால் வலப்பக்கம் போகும். இடம் என்றால் நம்பர் ஒன். வலம் என்றால் மட்டம். மலாயாவில் லாபிஸ் பக்கத்தில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருஷமாக இதுதான் அவர் வேலை. ஒரு தடவை இடத்தில் போட்டதை மறுபடி எடுத்து வலத்தில் போட்டதை நான் பார்த்ததில்லை.

நான் அதே தோட்டத்தில் சாயம் அடிக்கிறவன், தங்கராஜு. துரை பங்களா ஜன்னலிலிருந்து ரப்பர் கட்டின் மேல் எழுதுகிற எண் வரைக்கும் என் தூரிகைதான். இன்றைக்கு நாலு தோட்டத்தில் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த அம்மாள். அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தனலெட்சுமி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது வயது பதினாறு. புருஷன் ஐயாசாமி பால்மரம் வெட்டினார். விஷக்காய்ச்சலில் அவர் போனபோது மகள் புஷ்பவள்ளிக்கு எட்டு வயது. அப்போதைய துரை இரக்கப்பட்டு ஷீட் பிரிக்கும் கொட்டகையில் இடம் கொடுத்தார். புஷ்பவள்ளியை எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். ஊரில் தனலெட்சுமிக்கு யாரும் இல்லை. அப்பன் ஆத்தாள் செத்தாயிற்று, வீடும் இல்லை. ஊர் என்றால் அவருக்கு அந்தத் துறைமுகத்துக் கூட்டமும் இரைச்சலும்தான் ஞாபகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப் போகிற ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்தில் ‘ஊர்’ என்ற சொல்லைக் கேட்டாலே லயத்து வீடுகளில் எல்லாருக்கும் பயம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. ஆளைக் குறை, ஆளைக் குறை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துகொண்டே இருந்தது. மாதத்துக்கு ஒரு லிஸ்ட் போடுவார்கள். பேர் வந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு லாரி ஏறி, லாபிஸ் ஸ்டேஷனில் ரயில் பிடித்து, ஊருக்குத் திரும்புகிற கப்பலுக்குப் போக வேண்டியதுதான். கப்பல் லிஸ்ட் என்று அதற்குப் பெயர்.

அந்த வருஷம்தான் எங்கள் துரை செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ரோலர் ஓட்டுகிற இன்ஜினோடு ஒரு பழைய டைனமோவைப் பூட்டி, ஷீட் பிரிக்கும் கொட்டகைக்கு எட்டு மின்விளக்குப் போட்டார். மண்ணெண்ணெய் மிச்சம். விளக்குக்குக் குடை வாங்குவானேன் என்று காலி மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி எட்டுக் குடை அடித்தாயிற்று. தகரம் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். வெளிச்சத்தை மேலே விடாமல் மேசை மேல் தள்ளவும் வேண்டும். அதற்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்க வேண்டும். எந்தப் பெயிண்ட் என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த வெள்ளிப் பெயிண்ட் அரை டின் மிச்சம் இருந்தது. வெயிலில் அந்தத் தொட்டியைப் பார்த்தால் கண் கூசும். கண் கூசுகிறதென்றால் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது என்றுதானே அர்த்தம்? இரண்டு கோட்டிங் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. விளக்கைப் போட்டதும் கொட்டகை ஜொலித்தது.

“அலமாக்! கல்யாண வீடு மாதிரி இருக்கு அண்ணே, மாப்பிள்ளையத்தான் காணோம்” என்றாள் செல்லம். தனலெட்சுமிக்கு அடுத்த மேசைக்காரி, வாய் ஓயாது.

தனலெட்சுமி ஒரு ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

“அண்ணே, இது கண்ணைக் குத்துது. ஷீட்டு மேல வெளிச்சம் கோடு கோடா விழுது. கோட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியல.”

“இத்தன நாளு மண்ணெண்ண விளக்குல புகைய முழுங்கிக்கிட்டு வேலை செஞ்சீங்களே, அதுல தெரிஞ்சுச்சாக்கும்?”

“அது மங்கலா இருந்தாலும் ஒரே சீரா இருந்துச்சுங்க.”

“எல்லாம் பழகிடும், போ” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். துரை வந்து பார்த்து ‘வெரி குட்’ என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு பொம்பளை பேச்சு எனக்கு ஏறவில்லை.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே கொட்டகை இருட்டிக் கிடக்கும், நாள் முழுக்க விளக்கு எரியும். மூன்று வாரத்தில் சிங்கப்பூரில் ரப்பர் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம்பர் ஒன் கட்டுக்குள்ளே பூசணம் பிடித்த ஷீட் கலந்திருக்கிறதாம். நாலு மேசைக் கட்டிலும் இருந்ததாம். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி சிற்றம்பலம் கொட்டகைக்கே வந்து எல்லாப் பெண்களையும் காய்ச்சி எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்த மாட்டார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஊசி மாதிரி இறங்கும்.

அதற்குப் பிறகு தனலெட்சுமி மேசைக் கட்டில் மட்டும் பூசணப் புகார் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்தது. அவர் மேசை எண் போட்ட கட்டு. பிரித்துப் பார்த்தால் ஷீட்டில் பூசணம் இல்லை, குமிழி இல்லை. ஆனால் அங்கங்கே வெள்ளைப் பொடி ஒட்டிக் கிடந்தது.

பொடி எங்கிருந்து வந்தது என்று பார்க்க கிராணி என்னைத்தான் கூப்பிட்டார். ஏணி போட்டு ஏறினேன். தனலெட்சுமி மேசைக்கு மேலே இருந்த குடையின் உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து விரலால் மெழுகியிருந்தது; விரல் தடம்கூடத் தெரிந்தது. விளக்குச் சூட்டில் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஷீட்டில் பொடி விழுந்ததற்காக அல்ல, என் பெயிண்ட் மேல் பூசியதற்காக.

“ஐயா, இங்க வந்து பாருங்க! நான் ரெண்டு கோட்டிங் அடிச்சு வச்சத எவளோ நாசம் பண்ணி வச்சிருக்கா!” என்று கொட்டகை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

“எவளோ இல்ல. நான்தான்” என்றார் தனலெட்சுமி. அவ்வளவுதான். ஏன் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். நான் கத்திய கத்தலில் அது யார் காதிலும் விழவில்லை.

கிராணி எழுதிக்கொண்டு போனார். மறுநாள் பெரட்டுக் களத்தில், காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, புது லிஸ்ட்டைப் படித்தார்கள். தோட்டத்துச் சாமானைக் கெடுத்து ரப்பரையும் கெடுத்ததற்காகத் தனலெட்சுமியின் பெயர் கடைசியில் சேர்ந்திருந்தது. லாரி அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள்.

புஷ்பவள்ளி அப்போது நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். அவள் மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தாய் கப்பலில் போய்விட்டால் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. பெரட்டுக் களத்தில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று என் வேலை, சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு மறுபடியும் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பது. கொட்டகைக்குப் போனேன். சுரண்டுவதற்கு முன்னால், அப்படி என்னதான் தெரிகிறது பார்ப்போம் என்று அவர் மேசையில் நின்று ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம், நடுவில் இரண்டு குமிழி. எனக்கே தெரிந்தது. அதே ஷீட்டைச் செல்லம் மேசைக்குக் கொண்டு போனேன். அங்கே என் வெள்ளிக் குடை. பல்பின் உருவம் ஷீட்டின் வரிகளில் பளிச் பளிச்சென்று துள்ளியது. பூசணம் எங்கே? குமிழி எங்கே? திருப்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

“என்னண்ணே, நம்பர் ஒன்னா?” என்றாள் செல்லம்.

“சும்மா இரு.”

“நாங்க ஒரு மாசத்துக்கு மேல சும்மாதான இருந்தோம். பேசினவளக் கப்பலேத்தியாச்சு. இனி யாரு பேசப் போறா?”

ஷீட்டை மேசையில் வைத்தேன். பளபளப்பு வேறு, வெளிச்சம் வேறு என்பது பதினெட்டு வருஷம் தூரிகை பிடித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிப் பெயிண்ட் வெளிச்சத்தை ஒரே பக்கமாக ஈட்டி மாதிரி எறிகிறது. வெள்ளை நிறம், அதுவும் பளபளப்பு இல்லாத வெள்ளை, அதைப் பரப்பி விடுகிறது. சுண்ணாம்பு செய்த காரியம் அதுதான். உதிர்ந்தது ஒன்றுதான் அதன் குற்றம்.

நேராக ஆபீசுக்குப் போனேன்.

“ஐயா, தப்பு என்னோடது. அந்தம்மா பேர லிஸ்ட்டுலேருந்து எடுக்கணும்.”

சிற்றம்பலம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீர் நேற்றுச் சத்தம் போட்டதை முழுத் தோட்டமும் கேட்டது. இண்டைக்கு வந்து தப்பு என்ர எண்டு சொன்னால் துரை என்ன கேப்பார் தெரியுமோ? அப்ப உம்மையும் சேர்த்து அனுப்பட்டோ எண்டு கேப்பார்.”

“கேக்கட்டுங்க.”

“பகிடி விடாதேயும். வெறும் வாயால் சொல்லி அவருக்கு விளங்காது. காட்ட வேணும். உதிராத வெள்ளை ஏதும் உம்மட்ட இருக்கோ?”

“இருக்கும் ஐயா. எதுன்னு பாக்கணும்.”

“அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கொட்டகைக்கு வருவார். அதுக்குள்ள பாரும்” என்று அவர் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் அன்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

என்னிடம் மூன்று வெள்ளை இருந்தது. ஜன்னலுக்கு அடிக்கிற ஈய வெள்ளை ஒன்று. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கைகழுவும் பேசினுக்கு அடித்த எனாமல் ஒன்று. துத்தநாக வெள்ளைப் பொடி ஒரு டப்பா. மூன்று தகரத் துண்டில் மூன்றையும் அடித்து இன்ஜின் அறைச் சூட்டில் காய வைத்தேன். ஆனால் எது சரி என்று சொல்ல என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை நம்பிப் பட்டாயிற்று.

தனலெட்சுமி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்தை.”

“சொல்லுங்க. இன்னும் பத்து நாளைக்கு நான் இங்கதான் இருப்பேன்.”

“மூணு வெள்ள அடிச்சு வச்சிருக்கேன். எது சரின்னு நீ வந்து சொல்லணும்.”

“கப்பலுக்குப் போறவகிட்ட கப்பலுக்குப் பெயிண்ட் கேட்டாலும் நியாயம். வெளக்குக்குக் கேக்குறீங்களே.”

“திட்டுறதுன்னா திட்டிடு. வந்து பாத்துட்டுத் திட்டு.”

அவர் சாக்கின் வாயை முறுக்கினார். உள்ளேயிருந்து புஷ்பவள்ளி, “போயிட்டு வாம்மா” என்றாள். சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

முதலில் ஈய வெள்ளை. அவர் தகரத்தைக்கூடப் பார்க்கவில்லை. “இதே பெயிண்ட்தான ஆபீசு வெளக்குக் குடையில போன வருஷம் அடிச்சீங்க? அண்ணாந்து பாத்திருக்கீங்களா? நெய் மாதிரி மஞ்சளா கெடக்கு. மஞ்ச வெளிச்சத்துல பூசணம் தெரியாது.” நான் ஆபீசில் போய்ப் பார்த்தேன். நெய்தான். அதில் நிறைய ஆளிவிதை எண்ணெய். சூடு பட்டால் மஞ்சளாகும்.

இரண்டாவது எனாமல். விளக்குக்கு அருகில் பிடித்தேன். வெள்ளைக்குள்ளே பல்ப் பளிச்சென்று முகம் காட்டியது. “இது வெள்ள வேட்டி கட்டின உங்க பழைய சில்வருதான்” என்றார்.

மூன்றாவது துத்தநாக வெள்ளை. இதில் மஞ்சள் வரக்கூடாதென்று எண்ணெயைக் குறைத்து டர்பன்டைனைக் கூட்டியிருந்தேன். மாவு பூசியது மாதிரி, மினுக்கமே இல்லாமல் காய்ந்திருந்தது. அவர் ஒரு ஷீட்டைக் கீழே பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் தகரத்தை வாங்கி ஷீட்டின் மேல் ஒரு தேய் தேய்த்தார். ரப்பரில் வெள்ளைக் கோடு விழுந்தது.

“பாத்தீங்களா? என் சுண்ணாம்பு பண்ணின அதே வேலை.”

“எண்ணெ பத்தல. அதான் புடிக்கல.”

“அப்ப ஊத்துங்க.”

“ஊத்தினா மினுங்கும்.”

“சாம்பாருக்கு உப்பு எம்புட்டுன்னு யாரு படிச்சுட்டுப் போடுறா? கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாருங்க.”

அன்றிலிருந்து வியாழன் வரைக்கும் எத்தனை தகரத் துண்டு அடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கொஞ்சம் எண்ணெய், காய வை, ஷீட்டில் தேய், விளக்கில் பிடி. பொடி உதிர்ந்தால் அவர் தலையை ஆட்டுவார். மினுங்கினாலும் ஆட்டுவார். எனக்கு எரிச்சல் வரும், அடக்கிக்கொள்வேன். கடைசியில் கீழ்ப்பூச்சுக்கு எண்ணெய் கூடவும் மேல்பூச்சுக்கு எண்ணெய் குறைவாகவும் வைத்து, மேல்பூச்சில் ஒரு கரண்டி வார்னிஷ் சேர்த்தேன். காய்ந்ததைத் தேய்த்தார். ஷீட் சுத்தமாக இருந்தது. விளக்கின் கீழே பிடித்தார். வெளிச்சம் மேசை முழுக்க ஒரே சீராக, பால் கொட்டினது மாதிரி விழுந்தது.

“இது” என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பேய் மழை. துரை குடையோடு வந்தார், கிராணி பின்னால் வந்தார். நான் இரண்டு விளக்குக் குடைதான் மாட்டியிருந்தேன்: பழைய வெள்ளி ஒன்று, புது வெள்ளை ஒன்று. நல்லதும் பூசணம் பிடித்ததும் கலந்து இருபது ஷீட்டைக் கிராணியே எண்ணி வைத்தார். எதெது கெட்டது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தனலெட்சுமி முதலில் வெள்ளிக் குடையின் கீழே பிரித்தார். அவருடைய கண்ணே ஐந்து ஷீட்டில் ஏமாந்தது. பிறகு வெள்ளைக் குடையின் கீழே. ஒன்றுகூடத் தப்பவில்லை.

துரை நல்ல வெளிச்சத்துக்கும் கெட்ட வெளிச்சத்துக்கும் நடுவில் இரண்டு தடவை நடந்தார். அவரே ஒரு ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார். தோட்டத் தமிழ் அவருக்கு வரும்.

“இந்த சில்வர் யார் அடிச்சது?”

“நான்தான் துரை.”

“ஏன் சில்வர்?”

“பளபளன்னு இருந்துச்சு துரை. பளபளன்னா நல்ல வெளிச்சம்னு நெனச்சேன். இந்தம்மா அன்னிக்கே சொன்னாங்க, நான் கேக்கல. பூசணம் தப்பிப் போனது என் பெயிண்டால. அதச் சரி பண்ணத்தான் அவங்க சுண்ணாம்பு பூசினாங்க. அத நான் காட்டிக் கொடுத்தேன்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தியிருந்தால் பாதியோடு நின்றிருக்கும்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். “எட்டும் வெள்ளை அடி. புதன்கிழமைக்குள்ள” என்றார். பிறகு தனலெட்சுமியிடம், “நீ சுண்ணாம்பு வாயில போடு. விளக்குல போடாத” என்று சொல்லிவிட்டுக் கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். சிற்றம்பலம் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தார். மழைச் சாரல் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு ஒரு கோடு கிழித்தார்.

“என்ன ஐயா, அடிச்சாச்சா?” என்று கேட்டேன்.

“ஓம், ஓம். உம்மட பேரைத்தான் சேர்க்கேல்ல எண்டு சந்தோஷப்படும்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. அன்று சாயந்திரம் வேலை முடிந்து மணி அடித்ததும் செல்லம் ஒரு கரண்டியோடு வந்து உட்கார்ந்தாள். அடுத்து மற்ற இரண்டு பெண்களும் வந்தார்கள். தனலெட்சுமி ஒரு குடையை மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் நான் கூப்பிடவில்லை. “அண்ணன் மூஞ்சி மாதிரியே சொரசொரன்னு இருக்கு, உரியவே மாட்டேங்குது” என்று செல்லம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

திங்கட்கிழமை லாரி வந்தது. அந்தத் தடவை எங்கள் தோட்டத்திலிருந்து பதினேழு பேர் போனார்கள். தனலெட்சுமி விடியலிலேயே சோறு கட்டி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்தார். லாரி திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் என் வெள்ளைக் குடையைப் பற்றிப் பெருமை பேசவில்லை.

அதற்குப் பிறகு பூசணப் புகார் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். எங்களுக்கும் அடித்துக் கொடு என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கிற இடத்திலிருந்துகூட ஆள் வந்தது. பழம் சீவுகிற பெண்கள் மேசைக்கு மேலே என் குடைகள் இப்போதும் தொங்குகின்றன. எங்கே போனாலும் முதலில் அந்த மேசையில் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பேன். அவள் “இது” என்று சொன்ன பிறகுதான் டின்னைத் திறப்பேன். இந்தப் புத்தியைக் கொடுத்ததற்குத் தனலெட்சுமிக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

லாரி போன பத்தாம் நாள் புஷ்பவள்ளிக்கு வலி எடுத்தது. ஒரு பகலும் பாதியும் கஷ்டப்பட்டாள். கொடி சுற்றியிருந்ததாம். தாய் கூடவே இருந்து, மருத்துவச்சிக்குக் கைகொடுத்து, பிள்ளையை வாங்கினார். ஆண் பிள்ளை. தீட்டுக் கழிந்த பிறகு எனக்கும் ஆள் விட்டார்கள். நான் கையை மூன்று தடவை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டு போனேன்.

“என்னண்ணே, வாசல்லயே நிக்கிறீங்க? வாங்க, பிள்ளையத் தூக்குங்க.”

“வேண்டாம். இங்கேருந்தே பாத்துக்கறேன்.” ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். “உன் பேர லிஸ்ட்டுல ஏத்துனவனே நான்தான், தனலெட்சுமி. எனக்குப் போயி...”

“ஏத்துனதும் நீங்க, எறக்குனதும் நீங்க. அது முடிஞ்சு போச்சு” என்றார் அவர், பிள்ளையை என் கையில் வைத்துக்கொண்டே. “இப்ப பேசாம கழுத்தத் தாங்கிப் புடிங்க. இன்னும் தலை நிக்கல.”

தாங்கிப் பிடித்தேன்.